எழாத வினா: பாராளுமன்ற விடைகளிற் புள்ளிவிபரம் பற்றிய ஒரு திறனாய்வு நோக்கு

திறனாய்வு என்றதும் செய்யுள், நாவல், சிறுகதை, நாடகம் ஆகியவற்றையே நாம் மனங்கொள்வது வழக்கம். உரைநடையின் வரலாறு பேசப்படும்போதுங்கூட, சமயக் கண்டனம், கட்டுரை, பத்திரிகை எழுத்து என்ற அளவில் நின்றுவிடுகிறோம். ஆனால், நவீன அரசு தோன்றிய காலந்தொட்டு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கிற் பெருகிவரும் ஓர் உரைநடை வகை நம் கவனத்துக்கு வெளியே கிடக்கின்றது. மக்கட் பிரதிநிதி ஒருவர் சபையிலே எழுப்பும் வினாவுக்கு அமைச்சர் வழங்கும் விடையே அது. வரலாற்றாசிரியர் ஹன்சாட்டைச் சுரங்கமாகக் கொள்வர். வேண்டிய எண்ணைத் தோண்டி எடுத்துக்கொண்டு அகல்வர். பொருளியலாளர் அவ்வெண்ணைத் தம் அட்டவணையில் இட்டுக்கொள்வர். அவ்வெண்ணைத் தாங்கி நிற்கும் வாக்கியம் எவ்வாறு ஆக்கப்பட்டது, எதனைச் சொல்லிற்று, எதனைச் சொல்லாது விட்டது என்று கேட்பார் அரியர். மொழியையும் இலக்கியத்தையும் பயில்வோர்க்கு உரிய கேள்வி அது என்பது எமது கருத்து. அமைச்சரின் நேர்மையை அளப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. விடை என்னும் வடிவத்தை வாசிப்பதே நோக்கம்.

இவ்வடிவத்தின் தோற்றம் சுவையானது. பிரித்தானியப் பாராளுமன்றத்தில் எழுப்பப்பட்டதாகப் பதிவாகிய முதல் வினா, 1721 ஆம் ஆண்டு பிரபுக்கள் சபையிலே கூப்பர் பிரபு கேட்டதாகும். தென்கடற் கம்பனியின் பொருளாளர் நாட்டைவிட்டு ஓடிப் பிறநாட்டிற் பிடிபட்டார் என்ற செய்தி மெய்தானா என்பதே அவ்வினா. ஆக, முதல் வினாவே பணக்கணக்கோடு தொடர்புற்ற ஒருவரைப் பற்றியதாக அமைந்தது. இந்தியாவில் 1892 ஆம் ஆண்டுச் சட்டமே சட்டசபை உறுப்பினருக்கு வினா எழுப்பும் உரிமையை அளித்தது. ஆயினும் விடை கிடைத்தபின் அதன்மேல் துணைவினா எழுப்பும் உரிமை அப்போது அளிக்கப்படவில்லை. 1909 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின் பின்னரே, அதுவும் மூலவினாவைக் கேட்டவருக்கு மட்டும், அவ்வுரிமை கிட்டிற்று. துணைவினா இல்லாத விடை எத்தகையது என்பதைப் பின்னர் காண்போம். அதற்கான உதாரணத்தைத் தேடி 1892 இற்குச் செல்லவேண்டிய தேவை இல்லை.

வினாவும் விடையும் பற்றி ஆராய்வதற்கு நாம் பிறமொழிக் கோட்பாடுகளை நாடவேண்டுவதில்லை. தொல்காப்பியக் கிளவியாக்கம் இவ்விரண்டும் வழுவாமற் காக்கப்படவேண்டியவை என்ற கருத்தை முன்வைக்கின்றது. நன்னூலார் இன்னும் விரிவாக, வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்தார். விடையின் எட்டு வகைகள் வருமாறு: சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. இவற்றுள் முதல் மூன்றும் நேரான விடைகள். கேட்டதற்குக் கேட்டவாறே இறுத்தல். ஏனைய ஐந்தும் நேராக இறுக்காவிடினும் விடைப்பொருளைக் குறிப்பாற் பயப்பன ஆதலின் விடையென ஏற்றுக்கொள்ளப்பட்டன. பாடசாலையில் இதனை நாம் உருப்போட்டிருக்கிறோம். 'ஆடுவாயா?' என்றால் 'பாடுவேன்' என்பது இனமொழி விடை; ஆடமாட்டேன் என்பது அதனுள் அடங்கிக் கிடக்கின்றது. ஆனால், உருப்போட்டபோது நாம் கவனியாது விட்ட ஒன்றுண்டு. மறைமுகமான விடையை இலக்கணம் ஏற்பது நிபந்தனையின் பேரிலேயே. கேட்டவனுக்கு அதிலிருந்து விடைப்பொருள் கிட்டவேண்டும். கிட்டாதாயின் அது விடையன்று, வெறும் பேச்சு. பயறு உண்டோ என்று வினவியவனுக்கு உழுந்தைச் சொல்லி விடையிறுக்கும் வணிகனை உரையாசிரியர் காட்டுவர். அவ்வணிகன் பயறு தன்னிடம் இல்லை என்பதை வாங்க வந்தவனுக்கு உணர்த்திவிடுகிறான். உலகில் எங்கும் பயறே விளையவில்லை என்று அவன் எண்ணும்படி செய்யவில்லை. இந்த ஓர் அளவுகோலை மட்டும் கையிற்கொண்டு சில விடைகளை நோக்குவோம்.

1943 இன் வங்காளப் பஞ்சத்திலிருந்து தொடங்குவது பொருந்தும். அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில், இந்தியாவுக்குப் பொறுப்பான அமைச்சர் எமெரி, வங்காளத்தில் வாரந்தோறும் இறப்போர் தொகை ஏறத்தாழ ஆயிரம் எனவும், அது அதனிலும் கூடுதலாக இருக்கக்கூடும் எனவும் பொதுமக்கள் சபையிலே கூறினார். வாக்கியத்தைப் பாருங்கள். எண் ஒன்று, அதன் பின்னே ஓர் ஐயக்கிளவி. முன்னது நேர்விடையின் தோற்றமுடையது. பின்னது அதனை ஓரளவு தளர்த்துகின்றது. ஐயக்கிளவியைக் கொண்டு அமைச்சர் பொய்யுரைக்கவில்லை என்று வாதாடலாம். ஆனால், கேட்டோர் மனத்தில் தங்குவது எண், ஐயம் உதிர்ந்துவிடும். இந்த எண் எத்துணைத் தொலைவில் நின்றது என்பதைப் பிற்காலக் கணக்குகள் காட்டின. வங்காளத்தில் அவ்வாண்டு பதிவான மரணங்கள் 1,873,749. அதற்கு முந்திய ஐந்தாண்டுச் சராசரி 1,184,903. வேறுபாடு 688,846. இது பதிவேட்டில் ஏறியவர் தொகை மட்டுமே. 1945 இல் அறிக்கை சமர்ப்பித்த பஞ்ச விசாரணை ஆணைக்குழு, பதிவின் குறைபாடுகளையும் 1944 இன் முற்பாதியில் நிகழ்ந்த இறப்புகளையும் சேர்த்து, பதினைந்து இலட்சம் என்று மதிப்பிட்டது. அமார்த்தியா சென் 1981 இல் வெளியிட்ட ஆய்வில் இம்மதிப்பும் குறைவு என வாதிட்டு, முப்பது இலட்சத்தை அண்மிய தொகையை முன்வைத்தார்.

எண்களின் ஏற்றத்தாழ்வு எமக்கு முக்கியமன்று. பதிவேட்டில் எண் எவ்வாறு ஏறிற்று என்பதே முக்கியம். வங்காளக் கிராமங்களிலே பிறப்பு, இறப்புகளைத் திரட்டித் தெரிவிக்கும் பணி சௌக்கிதார் எனப்பட்ட ஊர்க்காவற்காரரிடம் விடப்பட்டிருந்தது. ஆணைக்குழு அறிக்கையின் ஒரு பகுதி இவர்களைப் பற்றியது. சில இடங்களிற் சம்பளம் கிடையாமையால் அவர்கள் ஊரைவிட்டு நீங்கி, இராணுவ வேலைத்தலங்களிற் கூலிக்குச் சென்றனர். சிலர் பஞ்சத்தில் இறந்தே போயினர். அவர்களின் இடத்துக்கு வேறொருவர் வரப் பல மாதங்கள் சென்றன. இதன் பொருள் எளியது; ஆயினும் நின்று நோக்கத்தக்கது. எந்த ஊரில் இறப்பு மிகுந்ததோ அந்த ஊரிலேயே எண்ணுவோனும் இல்லாதொழிந்தான். பஞ்சம் கொடியதாக ஆக, பதிவேட்டின் பக்கம் வெறுமையாகிற்று. லண்டனில் எழுப்பப்பட்ட வினா கல்கத்தாவுக்குச் சென்று, அங்கிருந்து மாவட்டத்துக்கும், மாவட்டத்திலிருந்து ஊருக்கும் இறங்கியபோது, கடைசிப் படியிலே விடைகூற ஆளிருக்கவில்லை. ஆயினும், மேலே ஏறிவந்த எண்ணில் இவ்வெறுமை எங்கும் தென்படவில்லை. வராத அறிக்கை பூச்சியமாகக் கூட்டலிற் சேர்ந்துவிடும்; கூட்டற்றொகையைப் பார்ப்போன் எந்த இடத்திற் பூச்சியம் இருந்தது என்பதை அறியான்.

இன்னொன்றும் இங்கே சுட்டத்தக்கது. பஞ்சக் கட்டளைக் கோவை எனப்பட்ட விதித்தொகுதி வங்காளத்தில் நடைமுறையில் இருந்தது. அதன்படி பஞ்சம் பிரகடனப்படுத்தப்படின், நிவாரண வேலைகளும் இலவச உணவும் வழங்கும் கடமை அரசுக்கு உண்டாகும். 1943 இல் அப்பிரகடனம் செய்யப்படவேயில்லை. சொல் உச்சரிக்கப்படாதபோது கடமை எழுவதில்லை. இத்தருக்கத்தை நினைவில் வைத்துக்கொண்டு எழுபத்தேழு ஆண்டுகளைக் கடந்து வருவோம்.

2020 மார்ச் 24 ஆம் திகதி இரவு இந்தியா முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. நகரங்களிற் கூலிவேலை செய்தோர் வேலையும் உறைவிடமும் இழந்து, பேருந்தும் புகையிரதமும் இன்மையால் நெடுஞ்சாலைகளில் நடந்தே சொந்த ஊர் திரும்பினர். வழியிற் பலர் இறந்தனர் என்பதைப் பத்திரிகைகள் அன்றாடம் வெளியிட்டன. அவ்வாண்டு செப்டெம்பர் மாதம் பாராளுமன்றம் கூடியபோது, தொற்றுநோயைக் காரணங்காட்டி வினா நேரம் நீக்கப்பட்டது. எழுத்துமூல வினாக்களுக்கு மட்டுமே இடமளிக்கப்பட்டது. ஆகவே துணைவினாவுக்கு வழியில்லை. மேலே நாம் குறிப்பிட்ட 1892 ஆம் ஆண்டு நிலையே அக்கூட்டத்தொடரில் மீண்டது எனலாம். செப்டெம்பர் 14 ஆம் திகதி, ஊர் திரும்பும் வழியில் இறந்த தொழிலாளர் பற்றி மக்களவையில் எழுப்பப்பட்ட வினாவுக்குத் தொழில் அமைச்சு அளித்த விடை மிகச் சுருக்கமானது. அத்தகைய தரவு எதுவும் பேணப்படவில்லை. இறந்தோரின் குடும்பங்களுக்கு இழப்பீடு ஏதும் வழங்கப்பட்டதா என்ற அடுத்த பகுதிக்கு, மேற்கூறியதை நோக்குமிடத்து இவ்வினா எழவில்லை.

இவ்விரு வாக்கியங்களையும் பிரித்து நோக்குதல் வேண்டும். முதலாவது வாக்கியத்தை நாம் பெரிதும் குறைகூற மாட்டோம். திரட்டப்படாத தரவைத் திரட்டியதாகக் காட்டுவதிலும், இல்லை என்று ஒப்புக்கொள்வது மேலானது. நன்னூலார் வகுப்பின்படி அது மறைவிடை, நேரானது. ஏன் திரட்டவில்லை என்று கேட்கலாம். அது வேறு வினா. ஊர் திரும்பியோர் ஒரு கோடியே நான்கு இலட்சத்துக்கு மேல் எனவும், அவர்களுள் உத்தரப்பிரதேசத்துக்கு மட்டும் முப்பத்திரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சென்றனர் எனவும் மாநிலவாரியாகக் கூறுவதற்கு அதே அமைச்சிடம் அதே நாட்களில் எண் இருந்தது. சென்று சேர்ந்தவர் எண்ணப்பட்டனர்; சேராதவர் எண்ணப்படவில்லை. பிழை இரண்டாவது வாக்கியத்திலேதான் பிறக்கின்றது. தரவு இல்லை என்பதிலிருந்து இழப்பீடு பற்றிய வினா எழவில்லை என்பது எவ்வாறு பெறப்படும்? இறப்பு நிகழவில்லை என்றால் மட்டுமே இழப்பீடு பற்றிய வினா எழாது போகும். 'எமக்குத் தெரியாது' என்பதை 'நிகழவில்லை' என்பதன் இடத்தில் வைத்தாலன்றி அவ்வாக்கியம் தருக்கமாக நில்லாது. அவ்வாறு வைத்ததை வாக்கியம் வெளிப்படச் சொல்லவில்லை. இலக்கமிட்ட பகுதிகளின் வரிசை அதனைச் செய்துவிடுகின்றது. (அ) இற்கு விடை இல்லை. ஆகவே (ஆ) எழவில்லை. விடையின் அமைப்பே ஒரு முடிவைக் கூறுகின்றது. எவரும் அம்முடிவுக்குப் பொறுப்பேற்க வேண்டியதில்லை. வங்காளத்திற் பஞ்சம் என்ற சொல் கூறப்படாமையாற் கடமை எழவில்லை. இங்கு எண் கூறப்படாமையால் வினாவே எழவில்லை. இழப்பீட்டுக்காகக் காத்திருந்த குடும்பம் ஒன்று இவ்விடையை வாசித்திருப்பின், அதற்கு எழாத வினா எது என்று விளங்கியிருக்குமா என நாம் ஐயுறுகிறோம்.

அதே கூட்டத்தொடரில், சில நாட்களின் பின், மாநிலங்களவையில் வேறொரு விடை அளிக்கப்பட்டது. தொழிலாளரை ஊர் சேர்ப்பதற்கென மே மாதந்தொட்டு ஓடிய 'ஷ்ரமிக்' விசேட புகையிரதங்களிற் பயணஞ்செய்கையில் இறந்தோர் எத்தனை பேர் என்பது வினா. செப்டெம்பர் 9 ஆம் திகதிவரை 97 பேர் என்றது புகையிரத அமைச்சு. அத்துடன் நில்லாது, இவ்வெண் மாநிலக் காவற்றுறையினர் தந்த தரவின்படியானது. 87 உடல்கள் பிரேத பரிசோதனைக்கு அனுப்பப்பட்டன. அவற்றுள் 51 இற்கே அறிக்கை கிடைத்துள்ளது. அவ்வறிக்கைகளிற் காட்டப்பட்ட காரணங்கள் இவை என்று விடை விரிந்தது. எமது மதிப்பீட்டில், இந்நூற்றாண்டில் இத்தகைய பொருள் பற்றிக் கிடைத்த விடைகளுள் இது மேம்பட்டவற்றுள் ஒன்று. எண்ணுக்குத் திகதி உண்டு, மூலம் உண்டு, எங்கே முடியவில்லை என்பதும் சொல்லப்படுகின்றது. அதில் அரசைக் காக்கும் முயற்சி இல்லாமலில்லை. மாரடைப்பு, மூளையில் இரத்தக்கசிவு, முன்னரே இருந்த நாட்பட்ட நோய் எனக் காரணங்கள் அடுக்கப்படுகையில், பசி, தாகம், கோடை வெப்பம் என்பன அப்பட்டியலில் இடம்பெறாமையை நாம் கவனிக்கிறோம். எனினும், 97, 87, 51 என்ற மூன்று எண்களும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால், எஞ்சிய இடைவெளியை வாசகனே கண்டுகொள்ள முடிகின்றது. விடை பயந்துள்ளது.

ஓர் அமைச்சிடம் தரவு இல்லை. இன்னோர் அமைச்சிடம் உண்டு. இதற்கு அமைச்சரின் குணவியல்பு காரணமன்று. புகையிரதத்தில் உயிர்நீத்த உடலை நிலையத்தில் இறக்கவேண்டும். இறக்கினாற் காவற்றுறை அப்போது நடைமுறையிலிருந்த குற்றவியல் நடைமுறைக் கோவையின்படி விசாரணை தொடங்கவேண்டும். தொடங்கினால் ஒரு தாள் உண்டாகும். தெருவோரத்தில் விழுந்தவனுக்கும் தாள் உண்டாகலாம். ஆனால் அது தெருவிபத்து என்றோ, அடையாளந் தெரியாத உடல் என்றோ அந்தந்த மாவட்டத்தோடு நின்றுவிடும். ஊர் திரும்பிய தொழிலாளி என்ற நிரல் அத்தாளில் இல்லை. இவ்விடத்தில் ஒரு நிகழ்ச்சியை நினைவுகூர்தல் தகும். 2020 மே 8 ஆம் திகதி அதிகாலை, மகாராட்டிர மாநிலத்து ஔரங்காபாத் மாவட்டத்திலே, நடந்து களைத்துப் புகையிரதப் பாதையில் உறங்கிப்போன தொழிலாளர் 16 பேர் சரக்குப் புகையிரதம் ஏறி இறந்தனர். நாடறிந்த செய்தி அது. அவர்கள் புகையிரதத்தினால் இறந்தவர்கள். புகையிரதத்தில் இறந்தவர்கள் அல்லர். ஆகவே 97 இல் அவர்கள் இல்லை. மூன்றாம் வேற்றுமைக்கும் ஏழாம் வேற்றுமைக்கும் உள்ள வேறுபாடு இலக்கண வகுப்போடு முடிந்துவிடுவதில்லை.

மூன்றாவது உதாரணம் 2021 ஆம் ஆண்டுக்குரியது. அவ்வாண்டு ஏப்ரல், மே மாதங்களில் இந்தியாவைத் தாக்கிய இரண்டாம் அலையின்போது, ஒட்சிசன் கிடையாமல் நோயாளர் இறந்தனர் என்பது பரவலாக அறியப்பட்டது. கர்நாடக மாநிலத்துச் சாமராஜநகரில், மாவட்ட மருத்துவமனையில், மே மாதத் தொடக்கத்தில் ஒரு நாளிற்குள் 24 நோயாளர் இறந்தனர். உயர் நீதிமன்றம் அமைத்த குழு அங்கு ஒட்சிசன் பற்றாக்குறை நிலவியதை எடுத்துக்காட்டியது. ஜூலை 20 ஆம் திகதி மாநிலங்களவையில், ஒட்சிசன் தட்டுப்பாட்டால் நோயாளர் பெருந்தொகையாக இறந்தது உண்மையா என்ற வினாவுக்குச் சுகாதார அமைச்சு எழுத்துமூலம் விடையளித்தது. சுகாதாரம் மாநிலங்களுக்குரிய விடயம். மரணங்களை அறிவிப்பதற்கு விரிவான வழிகாட்டல்கள் மாநிலங்களுக்கு வழங்கப்பட்டுள்ளன. அவற்றின்படி மாநிலங்கள் அறிவித்துவருகின்றன. ஆயினும், ஒட்சிசன் பற்றாக்குறையினால் நிகழ்ந்ததாகக் குறிப்பாக எந்த மரணமும் மாநிலங்களால் அறிவிக்கப்படவில்லை. விடையின் சாரம் இதுவே.

இவ்வாக்கியத்தில் ஒரு சொல்லும் பொய்யன்று. அதனாலேதான் அது ஆராயத்தக்கது. மரணம் பற்றிக் கேட்கப்பட்டது. அறிக்கை பற்றி விடை தரப்பட்டது. பயறு கேட்டவனுக்கு உழுந்து. 'குறிப்பாக' என்ற ஒரு வினையடை வாக்கியம் முழுவதையும் தாங்கி நிற்கின்றது. மரணத்தின் காரணத்தை வைத்தியர் எழுதும் பத்திரத்தில் நோயின் பெயரே இடம்பெறும். நுரையீரல் அழற்சி, சுவாசச் செயலிழப்பு என்று எழுதப்படும். கொள்கலம் வெறுமையாயிருந்தது என்பது நோயன்று. அதற்கு அங்கு இடமில்லை. இடமில்லாத ஒன்று குறிப்பாக அறிவிக்கப்படவில்லை என்பதில் வியப்பென்ன? நியாயமாகச் சொல்வதாயின், இதில் மத்திய அரசு மட்டுமே சம்பந்தப்படவில்லை. எதிர்க்கட்சிகள் ஆண்ட மாநிலங்கள் சிலவும், அத்தகைய மரணம் தம்மிடம் நிகழவில்லை என்றே கூறின. மாநிலம் சொல்லாததை மத்திய அரசு அறியாது. மத்திய அரசு கேளாததை மாநிலம் சொல்லாது. இவ்வட்டத்தினுள் எவரும் பொய்யுரைக்காமலே ஒரு பொய் உருவாகிறது.

இதனை மேற்கூறிய தொழில் அமைச்சின் விடையோடு ஒப்பிட்டால், இதுவே கூடுதலாகக் கண்டிக்கத்தக்கது என்பது எமது முடிவு. அங்கே 'தரவு இல்லை' என்ற மறைவிடை வெளிப்படையாக நின்றது. கேட்டோர் சினங்கொள்ள முடிந்தது. இங்கோ இனமொழி விடை மறைவிடையின் உடையை உடுத்து வருகின்றது. மறுநாட் பத்திரிகைகளில் 'ஒட்சிசன் பற்றாக்குறையால் எவரும் இறக்கவில்லை' என்று அது சுருங்கியதற்குப் பத்திரிகையாளரை மட்டும் நொந்துகொள்வதில் நியாயமில்லை. சுருக்கினால் அவ்வாறு பொருள்படும்படியாகவே அவ்வாக்கியம் யாக்கப்பட்டிருந்தது. நல்ல இனமொழி விடை, சுருக்கினாலும் தன் குறிப்பை இழவாது. பாடுவேன் என்றவன் ஆடுவான் என்று எவரும் கொள்ளார்.

இவ்வாறான விடைகளுக்கு மாற்று உண்டா? பிரித்தானியாவில் ஓர் ஏற்பாடு நடைமுறையில் உள்ளது. 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைச்சுகளினின்று வேறாக ஒரு புள்ளிவிபர அதிகாரசபை நிறுவப்பட்டது. அது 2008 ஏப்ரலிற் செயற்படத் தொடங்கியது. தேசியப் புள்ளிவிபரம் பற்றி உறுப்பினர் வினவுமிடத்து, இது அதிகாரசபைக்குரியது, அதனிடமிருந்து விடை வரும் என்று அமைச்சர் கூறி ஒதுங்கிக்கொள்வார். பின் புள்ளிவிபரவியலாளரே கடிதமாக விடையளிப்பார். கடிதத்தில் எண் மட்டுமன்றி, அது எவ்வாறு திரட்டப்பட்டது, எதனை உள்ளடக்காது என்பனவும் கூறப்படுவதுண்டு. கையொப்பம் இடுபவருக்குத் தேர்தல் இல்லை என்பது சிறு விடயமன்று. 1982 இல் அந்நாட்டில் வேலையற்றோரை எண்ணும் முறை மாற்றப்பட்டு, வேலைவாய்ப்பு நிலையத்திற் பதிந்தோருக்குப் பதிலாக உதவிப்பணம் கோருவோர் எண்ணப்பட்டனர். வேலையற்றோர் என்ற பெயர் அப்படியே இருக்க, அப்பெயராற் சுட்டப்பட்டோர் மாறினர், தொகை குறைந்தது. அத்தகைய அனுபவத்தின் பின்னரே இவ்வேற்பாடு வந்தது. எனினும், இதனை அளவுக்கு மீறிப் புகழவும் வேண்டியதில்லை. அதே பாராளுமன்றத்தில் அமைச்சுகள், கேட்ட தகவலைத் திரட்டும் செலவு அதன் பயனுக்குப் பொருந்தாது என்று கூறி மறுப்பதற்கும் வழக்கம் இடமளிக்கின்றது. 'விலை கட்டாது' என்பதை ஒன்பதாவது விடைவகையாக நன்னூலாருக்கு நாம் பரிந்துரைக்கலாம்.

எமது நாட்டுக்கு வருவோம். இலங்கையிற் குடிசன மதிப்பீடு 1871 இலிருந்து நெடுங்காலம் ஏறத்தாழப் பத்தாண்டுக்கொருமுறை நிகழ்ந்துவந்தது. 1981 இன் பின் அத்தொடர் அறுந்தது. 2001 இல் மீண்டும் எடுக்கப்பட்டபோது 18 மாவட்டங்களிலேயே அது முழுமையாக நிறைவேறியது. வடக்குக் கிழக்கு மாவட்டங்கள் பெரும்பாலும் எஞ்சி நின்றன. நாடு முழுவதையும் தழுவிய அடுத்த கணக்கு 2012 ஆம் ஆண்டுக்குரியது. முப்பத்தொரு வருடங்கள். அக்காலத்தில் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு பற்றிய எந்த வினாவுக்கும் மதிப்பீடுகளே அடிப்படையாக இருந்தன. யுத்தத்தின் மத்தியிற் கணக்கெடுப்பு இயலாதிருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், உணவும் மருந்தும் எத்தனை பேருக்கு அனுப்பப்படவேண்டும் என்பது ஊகத்தொகையிலேயே தங்கியிருந்த காலம் அது. சௌக்கிதார் இல்லாத ஊரின் நிலையை வங்காளத்துக்கு மட்டும் உரியதாக நாம் எண்ணிவிட முடியாது.

விடையின் வடிவத்தைப் பொறுத்தவரை, எமது ஹன்சாட்டில் 'வினாக்களுக்கு வாய்மூல விடைகள்' என்னும் பகுதி தனித்து வாசிக்கத்தக்கது. வினாக்கள் (அ), (ஆ), (இ) எனப் பிரிக்கப்பட்டு, அவற்றுள் மேலும் உரோம இலக்கமிட்ட உட்பிரிவுகள் பெற்று, இறுதியில் 'இன்றேல், ஏன்?' என்று முடியும். இச்சிறு தொடர் எமக்கு எப்போதும் உவப்பானது. இல்லை என்று சொல்வதோடு தப்பிவிட முடியாதபடி, மறைவிடைக்கு முன்கூட்டியே போடப்பட்ட தடை அது. சிறந்த துணைவினா மூலவினாவுக்குள்ளேயே வைக்கப்பட்டுள்ளது. ஆனால் நடைமுறையில், அமைச்சர் எழுந்து, விடை நீண்டதாகையால் அதனைச் சபாபீடத்தில் வைக்கிறேன் என்று கூறி அமர்வது வழக்கமாகிவிட்டது. வாய்மூல விடை அக்கணமே ஊமையாகிறது. அட்டவணை அச்சில் வரும்போது உறுப்பினரின் கவனம் வேறொன்றில் இருக்கும். எண் மிகுந்த விடைகளே பெரும்பாலும் இவ்வாறு மேசையில் வைக்கப்படுவன. எண்ணைப் பற்றித்தான் துணைவினா கூடுதலாகத் தேவைப்படுகின்றது என்பதை நினைத்தால் இவ்வழக்கம் தற்செயலானதாகத் தோன்றவில்லை.

இப்பகுதியைத் தமிழில் வாசிக்க முனையும் மாணவனுக்கு இன்னோர் அனுபவமும் காத்திருக்கின்றது. வினா சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிடப்பட்டிருக்கும். ஒவ்வொரு உட்பிரிவும் பிழையின்றிப் பெயர்க்கப்பட்டிருக்கும்; 'இன்றேல், ஏன்?' என்பதும் இருக்கும். அதனைத் தொடர்ந்து 'சபாபீடத்தில் வைக்கப்பட்ட விடை' என்ற தலைப்பும் மூன்று மொழிகளிலும் வரும். அதன் கீழே விடை, அது எம்மொழியில் அளிக்கப்பட்டதோ அம்மொழியிலேயே இருக்கும். பெரும்பாலும் அது சிங்களமாகும். மாவட்டம் எது, ஆண்டு எது, எந்த நிரலில் எது எண்ணப்பட்டுள்ளது என்பனவெல்லாம் அம்மொழியிலேயே. அட்டவணையில் அம்மாணவன் பிறர் உதவியின்றி வாசிக்கக்கூடியவை எண்கள் மட்டுமே.